நீலக்கல் தோற்ற இடம்

நீலக்கல் மோதிரம் போட்டுக்கொண்டால் சனி விலகும் என்று சொல்லி, ஏமாளியின் மடியில் இருப்பதைக் கறப்பவன் இன்னும் இருக்கிறான். அவன் பேச்சைக் கேட்டு, வாங்கிய கூலியில் பாதியைக் கொட்டிக் கல் வாங்கி விரலிலே மாட்டிக்கொண்டு, வீட்டில் உலை கொதிக்காமல் விழிப்பவனும் இருக்கிறான். மன்னன் முடியிலே நீலம், மாளிகைச் சீமாட்டியின் காதிலே நீலம், கோயில் பதக்கத்திலே நீலம்! கல்லென்றால் அதற்கொரு குலப்பெருமை. பிளாஸ்டிக் என்றாலோ? குடம், பக்கெட்டு, அறுந்த செருப்பு. போலி என்பதற்கு மறுபெயராகவே அந்தச் சொல்லைப் புழங்கவிட்டோம். பிளாஸ்டிக் பூ என்றால் மணமில்லாதது. பிளாஸ்டிக் சிரிப்பு என்றால் மனமில்லாதது.

அந்த நீலக்கல்லும் இந்தப் பிளாஸ்டிக்கும் ஒரே களத்தில் நின்று பொருதின. புராணத்திலே அல்ல, திருவனந்தபுரத்திலே! பரிசு என்ன தெரியுமா? மனிதனின் இதயத்திற்குள்ளே இடம்!

வென்றது பிளாஸ்டிக், தோழர்களே!

பூஜப்புரையில் சாட்டல்மாண்ட் அரண்மனை என்று ஒன்று உண்டு. திருவிதாங்கூர் மகாராணி வாழ்ந்த மாளிகை. பரிவாரமும் பாங்கியரும் நடமாடிய கூடங்களிலே பின்னர் பரிசோதனைக் கருவிகள் குடியேறின. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு அங்கேதான் அமைந்தது. அரண்மனை ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. அதற்காக ஒருமுறை கைதட்டலாம். அங்கே 1970களின் இறுதியில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு வேலை தொடங்கிற்று. இதயத்திற்குச் செயற்கை வால்வு செய்யும் வேலை.

யாருக்காக? அதைச் சொல்லாமல் மேலே போவதற்கில்லை.

நமது இதயத்திலே நான்கு வால்வுகள் இருக்கின்றன. இரத்தத்தை முன்னே போகவிடும், பின்னே திரும்பவிடாது. காவற்காரனின் வேலை. ஒரு குழந்தைக்குத் தொண்டையிலே புண் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியின் கைவரிசை. வேளையோடு பென்சிலின் போட்டால் அடங்கிப்போகும். ஆனால் எட்டுப்பேர் முடங்கிக் கிடக்கும் ஒற்றை அறை வீட்டிலே, ஒரு குழந்தையின் இருமல் எல்லாக் குழந்தைக்கும் சொந்தம். டாக்டரிடம் போக ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். ஆகவே கஷாயத்தோடு கதை முடிகிறது. முடிகிறதா? இல்லை. சில பிள்ளைகளுக்கு அதன் பின்னே காய்ச்சல் வருகிறது, மூட்டு வீங்குகிறது, கடைசியில் இதயத்தின் வால்வு கெடுகிறது. பல ஆண்டுகள் கழித்து, மூட்டை தூக்கவேண்டிய வயதிலே, நாற்று நடவேண்டிய வயதிலே, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ருமாட்டிக் இதயநோய் என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நெரிசலிலே வாழும் ஏழையைத் தேடிவரும் நோய் என்று நாம் பெயர் வைக்கலாம். பணக்கார நாடுகள் வீட்டையும் மருத்துவத்தையும் திருத்தியதும் அங்கே அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. இங்கே அடங்கவில்லை.

கெட்டுப்போன வால்வுக்குப் பதில் செயற்கை வால்வு வைக்கலாம். சீமையிலே கிடைத்தது. விலையோ, நோய் யாருக்கு வருமோ அவனுக்கு எட்டாத உயரத்தில்! ஆகவேதான் இங்கேயே செய்வோம் என்று இறங்கினார்கள்.

எளிய காரியமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சத்து மூவாயிரத்துக்கு மேல். ஆண்டுக்கு 3 கோடியே 78 இலட்சம். ஒவ்வொரு துடிப்புக்கும் கதவு ஒருமுறை திறந்து ஒருமுறை மூடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இல்லை, பொங்கல் விடுமுறை இல்லை, கதவடைப்பு இல்லை, எண்ணெய் போடுவதற்கும் வழியில்லை. ஆலையிலே ஓடும் எந்த எந்திரத்தை இப்படி ஓட்டுகிறான் முதலாளி? ஓட்டினால் ஒரு மாதம் தாங்குமா?

சித்திராக் குழுவினர் எடுத்துக்கொண்ட அமைப்பு, சாயும் தட்டு அமைப்பு. வளையத்திற்குள்ளே ஒரு தட்டு. இரத்தம் தள்ளும்போது சாய்ந்து வழிவிடும். திரும்ப வரும்போது படிந்து அடைக்கும். தட்டைத் தாங்கிக்கொள்ளச் சிறு உலோகக் கம்பிகள். முதல் மாதிரியிலே கம்பியைப் பற்றவைத்த இடம் முறிந்தது. சரி, தட்டுக்குக் கடினமான பொருள் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒற்றைப்படிக நீலக்கல்லை எடுத்தார்கள். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான குடும்பம் அது. அந்தக் குடும்பத்துக்கு உலகம் வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் தமிழ்க் 'குருந்தம்' கப்பலேறிப்போய்ச் சீமை உடை போட்டுக்கொண்டதுதான்! கல் தேயவில்லை, உண்மை. கல்லைத் தாங்கிய டைட்டானியக் கம்பி தேய்ந்தது. உயர்ந்தவன் தேயமாட்டான், அவனைத் தாங்குகிறவன்தான் தேய்வான் — எங்கோ கேட்ட கதையாக இல்லையா? கம்பியை வலிய உலோகமாக மாற்றினார்கள். இம்முறை கல்லே சோதனையில் உடைந்தது.

மூன்று மாதிரி, மூன்று தோல்வி. நமது நாட்டிலே மூன்று தோல்வி என்றால் என்ன நடக்கும்? "இதெல்லாம் நமக்கு ஆகாது ஐயா, அமெரிக்காவிலேயே வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிடும் அதிகாரி ஒருவர் இருப்பார். அந்தப் பேச்சுக்குப் பணியாமல் நின்றார்களே, வலியத்தானும், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும், அவர்களோடு உழைத்தவர்களும், அதைப் பாராட்டவேண்டும். 2024-ல் வலியத்தான் மறைந்தபோது நம் பக்கத்திலே போதிய அளவு எழுதவில்லை என்ற குறையும் நமக்கு உண்டு.

நான்காவது மாதிரியில் ஹேய்ன்ஸ் 25 என்னும் கோபால்ட் கலப்பு உலோகத்திலே கூடு; சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர் நூலில் நெய்த வளையம்; நடுவே தட்டு, பிளாஸ்டிக்! 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதல் மனிதனின் இதயத்திலே ஏறிற்று. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதை ஆலையிலே செய்து விற்கத் தொடங்கிற்று. இலட்சத்திற்கும் அதிகமான வால்வுகள் பொருத்தப்பட்டுவிட்டன, இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையிலே. இலட்சம் நெஞ்சுக்குள்ளே பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருக்க, நீலக்கல் எங்கே இருக்கிறது? சோதிடன் பெட்டியிலே!

எந்தப் பிளாஸ்டிக் அது? பெயர் நீளமானது: மீயுயர் மூலக்கூறு எடைப் பாலி எதிலீன். பெயரைக் கண்டு மிரளவேண்டாம். கடைக்காரர் கறிகாய் போட்டுக் கொடுக்கும் பை இருக்கிறதே, அதுவும் பாலி எதிலீன்தான். ஒரே எதிலீன், ஒரே குலம். வேறுபாடு எதிலே? சங்கிலியின் நீளத்திலே. எதிலீன் தனியாக நின்றால் வெறும் ஆவி, பிடிக்க முடியாது. சில ஆயிரம் எதிலீன்கள் கைகோத்தால் பை. ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் எதிலீன்கள் ஒரே வரிசையாய்க் கைகோத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், இதயத்தின் கதவு! தொழிற்சங்கம் நடத்துகிற தோழர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவ்வளவு நீளமான சங்கிலி என்பதால் சூடேற்றினாலும் அது குழம்பாக ஓடாது. பக்கெட்டு வார்ப்பதுபோல் அச்சிலே பீய்ச்சி வார்க்க முடியாது. தூளை அழுத்திச் சூடேற்றிப் பலகையாக்கி, லேத்திலே வைத்துக் கடையவேண்டும். ஆமாம், டர்னரின் கை வேண்டும்! வழுக்கும், தேயாது, அடித்தால் உடையாது, உடம்பின் நீரிலே ஊறாது. இப்படிக் கடுமையான வேலைக்கென்றே பிறந்த பிளாஸ்டிக்குகள் ஒரு தனிக் கூட்டம். பெட்ரோலியக் கிணற்றிலும் விமான எந்திரத்திலும் அணுசக்தி ஆலையிலும் உலோகம் நின்ற இடத்தில் அவை நிற்கின்றன.

இனி, இந்தப் பிளாஸ்டிக் முதன்முதலில் மனித உடலுக்குள் நுழைந்த கதைக்கு வருவோம். திருவனந்தபுரத்திற்கு முப்பது ஆண்டு முன்னால், இங்கிலாந்திலே, லங்காஷயரிலே. லங்காஷயர் என்றால் தெரியுமல்லவா? நம் கைத்தறியாளன் வயிற்றில் மண்ணைப் போட்ட ஆலைத் துணி புறப்பட்டு வந்த சீமை. அந்தச் சீமையின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர், தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டிருந்தார். எஃகுப் பந்து, அது சுழலக் கிண்ணம். கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்ளான். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாய்க் கண்டது; எதுவும் ஒட்டாத வழுவழுப்பு; தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அது. சுமார் 300 பேருக்கு வைத்தார். வைத்ததும் எழுந்து நடந்தார்கள்! உலகம் வியந்தது. சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது; தேய்ந்த துகள் தசையிலே புண்ணாய்த் திரண்டது; நடந்தவர்கள் மீண்டும் நொண்டினார்கள். வைத்த கையே திரும்பத் திறந்து எடுக்கவேண்டி வந்தது.

சார்ன்லியின் பட்டறையிலே வேலை பார்த்தவர் ஹாரி கிரேவன். டாக்டர் அல்லர், கருவி செய்யும் தொழிலாளி. தேய்மானம் அளக்கும் எந்திரத்தைக் கையால் கட்டியவர். 1962-ல் ஒருநாள் பிளாஸ்டிக் விற்கும் வியாபாரி ஒருவர் வந்தார். லங்காஷயர் தறிகளின் பாகங்களுக்கென ஜெர்மனியிலிருந்து வந்த பொருள். இந்த நீள்சங்கிலிப் பாலி எதிலீன்தான் அது. சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம் பதிந்தது. வீண்வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேதையின் தீர்ப்பு! அதற்கு மேல் முறையீடு உண்டா?

உண்டு என்றார் கிரேவன். வாயால் அல்ல, எந்திரத்தால். டாக்டர் வெளிநாடு போன நேரத்தில் அந்தத் துண்டை எந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டார். இரவும் பகலும் ஓடிற்று. மூன்று வாரம் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை! 1962 நவம்பரிலே முதல் நோயாளியின் இடுப்பிலே அந்தக் கிண்ணம் ஏறிற்று. இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இடுப்பிலும் முழங்காலிலும் இந்தப் பிளாஸ்டிக்கைத் தாங்கி நடக்கிறார்கள்.

சார்ன்லியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. தன் தவறைத் தானே உலகுக்குச் சொன்னவர் அவர். இரண்டு பிளாஸ்டிக்கையும் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு எது உறுத்துகிறது என்று பார்த்தவர். அந்த நெஞ்சுரத்துக்கு வணக்கம். 1977-ல் அவருக்குச் 'சர்' பட்டம் கொடுத்தது அரசு. கொடுக்கட்டும். ஆனால் கிரேவன் பெயரை இதுவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கண்டது கைத்தொழிலாளி, பட்டம் கனவானுக்கு! பட்டறையிலே நிற்பவனுக்குப் பார்வை உண்டு, தறிக்கு உழைத்த பொருளுக்குத் தகுதி உண்டு என்பதை அந்த எந்திரம் காட்டிற்று. பிறப்பைக் கேட்கவில்லை அது, பெயரைக் கேட்கவில்லை. "ஓடு, பார்க்கலாம்" என்றது. அவ்வளவுதான்.

பிளாஸ்டிக்கைப் பாடிப் பரணியாக்கவும் நாம் வரவில்லை. அதுவும் தேயும். நுண்துகள் உதிர்ந்து, பல ஆண்டில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, மூட்டு ஆட்டம் கண்ட நோயாளிகள் ஏராளம். காற்றுப் படக் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய கிண்ணங்கள் அலமாரியில் இருக்கும்போதே பொடியாகத் தொடங்கியதும் உண்டு. 1990களின் இறுதியில்தான் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் குறுக்கே பாலம் போடக் கற்று, தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தார்கள். பின்னும் பரிசோதனை நடக்கிறது. நடக்கவேண்டும்.

சரி, பொருள் நல்ல பொருள். அது யார் கையில்? இங்கேதான் சங்கதி கசக்கிறது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம், உடலுக்குள் நிரந்தரமாகப் பதிக்கும் கருவிகளுக்கு இனி டெஃப்ளானும் டேக்ரானும் தருவதில்லை என்று கையை விரித்தது. கருவி கெட்டால் வழக்கு நம்மீது வருகிறது என்பது காரணம். மருத்துவக் கருவிக்குப் போகும் பிளாஸ்டிக் அவர்கள் விற்பனையில் ஒரு துளி. அந்தத் துளிக்காக வழக்கு மன்றம் ஏறுவானேன் என்ற இலாபக் கணக்கு! துளி என்றாலும் அது உயிர்த்துளி என்பது கணக்குப் புத்தகத்திலே ஏறாது. கடைசியில் 1998-ல் அமெரிக்கக் காங்கிரஸ், மூலப்பொருள் தருபவரை வழக்கிலிருந்து காப்பதற்கென்றே தனிச்சட்டம் போட்டது.

இன்னொன்று, பீக் என்னும் பிளாஸ்டிக். 1978-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பிறந்தது. 343 டிகிரியில்தான் உருகும், பெரும்பாலான அமிலங்களுக்கு அஞ்சாது, எக்ஸ்ரே படத்தை மறைக்காது. முதுகெலும்புக்கு நடுவே வைக்கும் கூடுகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். உடலில் பதிக்கும் தரத்தில் அதை முதலில் விற்றது இன்விபியோ என்ற நிறுவனம். போட்டிக்கு வேறு இருவர் வந்ததும், பெரிய கருவி உற்பத்தியாளர்களோடு "எங்களிடம் மட்டுமே வாங்கவேண்டும்" என்று நெடுநாள் ஒப்பந்தம் போட்டு வாசலை அடைத்தது என்று 2016-ல் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே குற்றம் சாட்டிற்று. வழக்கு சமரச ஆணையில் முடிந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்குத் தடை வந்தது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இது பொறுக்கவில்லை என்றால் பாருங்கள்!

நம் ஊர்க் கதை என்ன? முழங்கால் மூட்டு மாற்றுக் கருவியின் வியாபாரத்தைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017-ல் ஆராய்ந்தது. இறக்குமதி ஆன விலைக்கும் நோயாளி தலையில் விழும் விலைக்கும் இடையே சராசரி 313 விழுக்காடு! நூறு ரூபாய்ச் சரக்கு நானூற்றுப் பதின்மூன்று ரூபாய். வட்டிக்கடைக்காரன்கூட வாயில் விரல் வைப்பான். அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்சவரம்பு வந்தது: சராசரி ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமிய முழங்கால் 54,720 ரூபாய், வரி தனி. பிப்ரவரியிலேயே இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு வரம்பு வந்திருந்தது. வரவேற்றோம். நல்லதை டெல்லி செய்தாலும் நல்லது என்றே சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் கேட்கிறோம்: அந்த ஆணையிலே முழங்கால் இருந்தது, இடுப்பு ஏன் இல்லை? அதே கிண்ணம், அதே பிளாஸ்டிக், அதே வியாபாரி! முழங்காலில் அடித்தால் கொள்ளை, இடுப்பில் அடித்தால் வாணிபமா?

காசில்லாதவனின் அறுவைச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று 2009 ஜூலையில் தமிழகத்தில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. நெஞ்சு நோய்க்காரன் வீட்டை விற்காமல் மருத்துவமனைப் படியேறினான். அது பெரிய காரியம். இருந்தாலும், வால்வு ஏறியதோடு வேலை தீர்ந்துவிடவில்லை என்பதைத் தோழர்கள் அறியவேண்டும்.

செயற்கைத் தட்டைச் சுற்றி இரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் கதவு இறுகிவிடும். அல்லது கட்டி மூளைக்குப் போய்க் கைகால் விழும். ஆகவே வால்வு வைத்தவன் ஆயுள் முழுதும் உறையாமலிருக்க மாத்திரை விழுங்கவேண்டும். மாத்திரை கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் உறையும். அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். மாத்திரை விலை அதிகமில்லை. பரிசோதனைக்குப் பெரிய ஊருக்குப் போய் வர ஒரு நாள்; பேருந்துச் செலவு; இழந்த கூலி. இரண்டு மாதம் போவான், மூன்றாம் மாதம் "உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது" என்று நிறுத்துவான். இலட்சக்கணக்கான எதிலீன்கள் கைகோத்து நின்று காக்கும் உயிரை, ஒருநாள் கூலி பறித்துவிடும்!

ஆகவே கிளைத் தோழர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். உங்கள் ஊரிலே வால்வு வைத்துக்கொண்டவர் யார் யார் என்று விசாரியுங்கள். மாத்திரை கிடைக்கிறதா, பரிசோதனைக்கு எத்தனை கல் தொலைவு போகிறார்கள், கடைசியாக எப்போது போனார்கள் என்று எழுதுங்கள். வட்டத் தலைநகர் மருத்துவமனையிலே அந்தப் பரிசோதனை உண்டா, எந்தெந்த நாளில் என்று நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். இல்லாத வட்டங்களின் பட்டியலை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கையிலேந்திச் சபையிலே கேட்கட்டும்.